பட்டப் போட்டிக்கு எத்தனை நாள் அவகாசம்? பாக்ஸிங் சேலஞ்சர்களின் நாள் கணக்கு: முழுமையான வழிகாட்டி

போன வருஷம் அக்னி நட்சத்திரம் நடந்துகொண்டிருந்த நேரம். ஒரு வியாழக்கிழமை ராத்திரி வேலூர் சத்துவாச்சாரியில் என் அக்கா வீட்டுக்கு ஒரு போன் வந்தது. பக்கத்து மாவட்டத்தில் ஞாயிற்றுக்கிழமை பாக்ஸிங் போட்டி, 60 கிலோ பிரிவில் ஒரு பையன் வரவில்லை, உங்கள் பையனை அனுப்ப முடியுமா என்று கேட்டார்கள். அக்கா மகன் அப்போது 63 கிலோவுக்கு மேல் இருந்தான். “மூணு நாள் இருக்கு மாமா, இறக்கிடலாம்” என்றான். நானும் தலையை ஆட்டிவிட்டேன்.

மூன்று நாள் என்று அவன் சொன்னது உண்மையில் இரண்டே நாள். வெள்ளியும் சனியும் தண்ணீரை மூடி மூடியாக அளந்து குடித்தான். காய்ந்து கிடக்கிற பாலாற்று மணலில் ஸ்வெட்டர் போட்டுக்கொண்டு ஓடினான். வேலூர் வெயில் எப்படி என்று வேலூர்க்காரருக்குச் சொல்ல வேண்டியதில்லை. ஞாயிறு காலை எடை மெஷினில் 59.8 காட்டியது, எல்லாரும் கைதட்டினோம். இரண்டாவது ரவுண்டிலேயே அவன் கால் அவன் சொன்ன பேச்சைக் கேட்கவில்லை. ரெஃப்ரி சண்டையை நிறுத்திவிட்டார். திரும்பி வரும்போது பஸ்ஸில் வாந்தி, ராத்திரி ட்ரிப்ஸ். காலையில்தான் முகத்தில் களை வந்தது.

அன்று ராத்திரி ஆஸ்பத்திரி பெஞ்சில் உட்கார்ந்திருந்தபோது எனக்குள் எழுந்த கேள்வி இது: உலகப் பட்டத்துக்கு மோதுகிறவர்களுக்கு எத்தனை நாள் கொடுக்கிறார்கள்? குறைந்த நாளில் போய் ஜெயித்தவர்கள் என்ன செய்தார்கள், தோற்றவர்களுக்கு எங்கே சறுக்கியது? அதற்குப் பிறகு நான் தேடிப் படித்தது, பழைய சண்டைகளைத் திரும்பத் திரும்பப் பார்த்தது எல்லாவற்றையும் சேர்த்துத்தான் இதை எழுதுகிறேன். பாக்ஸிங் பார்க்கிறவர்களுக்கு ஒரு போட்டியை எடைபோட இது உதவும். நம் ஊரில் கிளவுஸ் மாட்டுகிற பிள்ளைகளின் வீட்டாருக்கு இன்னும் அதிகமாக உதவ வேண்டும் என்பது என் ஆசை.

அவசரத்தில் இருப்பவர்களுக்குப் பதிலை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். சாதாரணமாக ஏற்பாடாகும் உலகப் பட்டப் போட்டியில் சேலஞ்சருக்கு, அதாவது சாம்பியனின் பட்டத்துக்கு மோதுகிறவருக்கு, எட்டு முதல் பன்னிரண்டு வாரம் கிடைக்கும். வரிசையில் முதலிடம் பிடித்து உரிமையோடு வருகிற கட்டாய சேலஞ்சருக்கு மூன்று மாதம், சில நேரம் ஆறு மாதம் வரை கிடைக்கும். யாரோ விலகி அந்த இடத்துக்கு வருகிறவருக்கு ஒரு மாதம், இரண்டு வாரம், மிகவும் மோசமான நிலையில் இரண்டு நாள். ஆனால் இந்த எண்களை மட்டும் வைத்துக்கொண்டு யார் ஜெயிப்பார் என்று சொல்ல முடியாது. ஏன் என்பதைப் படிப்படியாகப் பார்க்கலாம்.

முதல் படி: சேலஞ்சர் எந்த வாசல் வழியாக வந்தார் என்று பாருங்கள்

தொழில்முறை பாக்ஸிங்கில் டபிள்யூபிசி, டபிள்யூபிஏ, ஐபிஎஃப், டபிள்யூபிஓ என்று நான்கு பெரிய அமைப்புகள் தனித்தனியாக உலகப் பட்டம் கொடுக்கின்றன. ஒவ்வொன்றும் தனக்கென்று ஒரு தரவரிசை வைத்திருக்கிறது. சாம்பியன் குறிப்பிட்ட காலத்துக்கு ஒரு முறை அந்த வரிசையில் மேலே இருப்பவரோடு மோதியே ஆக வேண்டும். இதுதான் கட்டாயப் போட்டி.

அமைப்பு “இந்த இரண்டு பேரும் மோத வேண்டும்” என்று உத்தரவு போட்டதும் பேச்சுவார்த்தைக்கு வழக்கமாக 30 நாள் கொடுப்பார்கள். அதற்குள் பணம் ஒத்துவரவில்லையென்றால் பர்ஸ் பிட் என்கிற ஏலம் நடக்கும். அதிகத் தொகை எழுதிக் கொடுத்த புரமோட்டர் போட்டியை நடத்துவார். 2022 ஜனவரி 28 அன்று சாம்பியன் டைசன் ஃபியூரி, சேலஞ்சர் டில்லியன் வைட் போட்டிக்கு நடந்த ஏலத்தில் ஃபிராங்க் வாரன் 4 கோடியே 10 லட்சம் டாலருக்குச் சற்று மேல் எழுதி எடுத்தார். போட்டி ஏப்ரல் 23 அன்று லண்டன் வெம்ப்ளி மைதானத்தில் நடந்தது. ஏலத்திலிருந்து மணி அடிக்கும் வரை 85 நாள்.

வைட்டுக்கு 85 நாள்தான் அவகாசம் என்று இதைச் சொல்லிவிடலாமா? முடியாது. அவர் அந்த வாய்ப்புக்காக டபிள்யூபிசி வரிசையில் ஆயிரம் நாளுக்கு மேல் காத்திருந்தவர். என்றைக்காவது அழைப்பு வரும் என்று அவருக்குத் தெரியும், எப்போது என்பதுதான் தெரியாது. இப்படிக் காத்திருப்பதில் ஒரு கொடுமை உண்டு. உடம்பை எப்போதும் உச்சத்தில் வைத்திருக்க முடியாது. நடுவில் சும்மா இருந்தால் கை துருப்பிடிக்கும், சண்டை போட்டால் வரிசையில் இடம் போய்விடலாம். அந்தக் காலத்தில் ஜாக் ஜான்சன் பட்டத்துக்காக டாமி பர்ன்ஸைத் துரத்திக்கொண்டே போய், கடைசியில் 1908 டிசம்பர் 26 அன்று சிட்னியில்தான் வளையத்துக்குள் பிடித்தார். கறுப்பர் என்பதற்காகவே அவரைத் தள்ளித் தள்ளி வைத்தார்கள். நாள் குறித்த பிறகு கிடைத்த அவகாசம் வேறு, அவர் காத்திருந்த வருஷங்கள் வேறு.

இரண்டாவது வாசல், சாம்பியன் தானாகத் தேர்ந்தெடுப்பது. கட்டாயம் இல்லாத நேரத்தில் வரிசையில் உள்ள யாரையாவது அவர் அழைக்கலாம். பெரும்பாலான பட்டப் போட்டிகள் இந்த வகைதான். ஜோ லூயிஸ் 1940 டிசம்பரிலிருந்து 1941 ஜூன் வரை ஏழு முறை பட்டத்தைக் காத்தார், கிட்டத்தட்ட மாதம் ஒன்று. இன்றைக்கு உச்சத்தில் இருக்கும் சாம்பியன்கள் வருஷத்துக்கு இரண்டு முறை ஏறினாலே பெரிய விஷயம். அதனால்தான் இப்போதைய சேலஞ்சருக்கு இரண்டு மூன்று மாதம் கிடைக்கிறது.

மூன்றாவது வாசல்தான் மாற்று ஆள். காயம், காய்ச்சல், ஊக்கமருந்துச் சோதனையில் சிக்குவது, விசா சிக்கல் என்று ஏதோ ஒரு காரணத்தால் ஒருவர் விலக, அந்த இடத்துக்கு இன்னொருவர் வருவது. டிக்கெட் விற்றாயிற்று, டிவிக்காரர் நேரம் ஒதுக்கியாயிற்று, போட்டியை நிறுத்த முடியாது. நம் ஊரில் திருவிழா நாடகத்துக்கு ராஜபார்ட் வராவிட்டால் பக்கத்து செட்டிலிருந்து ஒருவரைக் கூப்பிடுவார்களே, அந்தக் கதைதான். இந்த வாசலைத்தான் நாம் நன்றாகப் பார்க்க வேண்டும்.

இரண்டாம் படி: நாளை எங்கிருந்து எண்ணுவது?

செய்தி வந்த நாளிலிருந்து எண்ணினால் கணக்கு தப்பும். போட்டி அறிவிக்கப்படுவதற்குப் பல நாள் முன்பே பேச்சு ஓடிக்கொண்டிருக்கும், கேம்ப்பும், அதாவது அந்தப் போட்டிக்கான பயிற்சி முகாமும், தொடங்கியிருக்கும். நான் ஒரு தாளில் மூன்று தேதி எழுதிக்கொள்வேன். பேச்சு தொடங்கிய நாள், அறிவித்த நாள், அந்த சேலஞ்சர் கடைசியாக வளையம் ஏறிய நாள். மூன்றாவது தேதியை யாரும் பார்ப்பதில்லை. எனக்கு அதுதான் முக்கியம்.

ஆன்டி ரூயிஸை எடுத்துக்கொள்ளுங்கள். 2019 ஜூன் 1 அன்று நியூயார்க் மேடிசன் ஸ்கொயர் கார்டனில் ஹெவிவெயிட் சாம்பியன் ஆன்டனி ஜோஷுவா, ஜரெல் மில்லரோடு மோத வேண்டியது. ஏப்ரலில் மில்லர் ஊக்கமருந்துச் சோதனையில் சிக்கினார். மே தொடக்கத்தில் ரூயிஸ் பெயரை அறிவித்தார்கள். செய்திப்படி பார்த்தால் ஒரு மாதம். ஆனால் ரூயிஸ் ஏப்ரல் 20 அன்றுதான் அலெக்சாண்டர் டிமிட்ரென்கோவோடு சண்டை போட்டு முடித்திருந்தார். ஒரு கேம்ப் முடிந்த சூட்டிலேயே அடுத்ததற்குள் போனார். மூன்றாவது ரவுண்டில் முதலில் கீழே விழுந்தவர் அவர்தான். எழுந்து அதே ரவுண்டில் ஜோஷுவாவை இரண்டு முறை விழவைத்தார், ஏழாவது ரவுண்டில் இன்னும் இரண்டு முறை. அதோடு சண்டை முடிந்தது, மூன்று அமைப்புகளின் பட்டங்கள் கை மாறின.

இதே ஆளின் கதை அடுத்த ஆறு மாதத்தில் எப்படித் திரும்பியது என்று பாருங்கள். மறுபோட்டி அதே வருஷம் டிசம்பர் 7 அன்று சவூதி அரேபியாவின் திரியாவில் நடந்தது. இந்த முறை அவருக்கு நாளுக்குக் குறைவில்லை. முதல் போட்டியில் 268 பவுண்டு இருந்தவர் மறுபோட்டிக்கு 283 பவுண்டைத் தாண்டி வந்தார். ஏழு கிலோ கூடுதல். பன்னிரண்டு ரவுண்டும் ஜோஷுவா பின்னால் நடந்தே தோற்றார். பயிற்சியை ஒழுங்காகச் செய்யவில்லை, விருந்தும் கொண்டாட்டமுமாகப் போய்விட்டது என்று அவரே ஒப்புக்கொண்டார்.

ஒரு மாத அவகாசத்தில் ஜெயித்தவர் ஆறு மாத அவகாசத்தில் தோற்றார். ஆகவே நாள் எண்ணிக்கையைவிட, அழைப்பு வந்த அன்று உடம்பு எங்கே இருந்தது என்பதைத்தான் நாம் கேட்க வேண்டும். கீழே வருகிற படிகள் எல்லாம் இந்த ஒரு கேள்வியைத்தான் வேறு வேறு பக்கத்திலிருந்து கேட்கின்றன.

மூன்றாம் படி: கேம்ப்பில் எந்த வாரம் தவறிப்போனது?

எட்டு வாரக் கேம்ப் என்றால் எட்டு வாரமும் ஒரே வேலை இல்லை. முதல் இரண்டு மூன்று வாரம் ஓட்டம், ஸ்கிப்பிங், உடல் பலம் என்று அடித்தளம் போடுவார்கள். நடு வாரங்களில் ஸ்பாரிங், அதாவது எதிரே ஆளை நிறுத்திப் பயிற்சிச் சண்டை. நான்கு ரவுண்டில் தொடங்கி எட்டு, பத்து, பன்னிரண்டு என்று ஏற்றுவார்கள். எதிராளியைப் போலவே உயரம், கை நீளம், நிற்கும் விதம் உள்ளவர்களைத் தேடிப் பிடித்து வருவார்கள். போட்டிக்கு ஒரு வாரம், பத்து நாள் முன்பு கனமான ஸ்பாரிங்கை நிறுத்திவிடுவார்கள். கடைசி வாரம் ஓய்வும் எடையும்தான்.

இரண்டு வார அழைப்பில் வருகிறவருக்கு அடித்தளமும் கிடைக்காது, ஸ்பாரிங்கும் கிடைக்காது. நேராகக் கடைசி வாரத்துக்குள் நுழைகிறார். அவர் ஏற்கனவே வேறொரு சண்டைக்குத் தயாராகிக்கொண்டிருந்தால் மட்டும்தான் இது தாங்கும்.

இதற்கு எனக்குப் பிடித்த சாட்சி மானி பக்கியாவ். 2001 ஜூன் 23, லாஸ் வேகாஸ். லெஹ்லோ லெட்வாபா ஐபிஎஃப் சாம்பியன், 122 பவுண்டு பிரிவு. அவரோடு மோத வேண்டியவர் விலகிக்கொண்டார். அமெரிக்காவில் யாருக்கும் அதிகம் தெரியாத இந்த பிலிப்பைன்ஸ் இளைஞர் அப்போது ஃப்ரெடி ரோச்சின் ஜிம்மில் பயிற்சி எடுத்துக்கொண்டிருந்தார். கிடைத்தது இரண்டு வாரம். ஆறாவது ரவுண்டில் லெட்வாபாவை முடித்தார். அங்கிருந்துதான் எட்டு எடைப் பிரிவுகளில் பட்டம் வென்ற அந்தப் பயணம் அமெரிக்காவில் தொடங்கியது.

2003 ஜூன் 21 அன்று லாஸ் ஏஞ்சலிஸில் நடந்ததும் இதே மாதிரிதான். ஹெவிவெயிட் சாம்பியன் லெனாக்ஸ் லூயிஸ், கிர்க் ஜான்சனோடு மோத வேண்டியது. ஜான்சனுக்கு மார்புத் தசையில் காயம். அதே மேடையில் வேறொருவரோடு மோதத் தயாராகிக்கொண்டிருந்த விட்டாலி கிளிட்ச்கோவை இரண்டு வாரத்தில் முதன்மைப் போட்டிக்கு மாற்றினார்கள். ஆறு ரவுண்டு முடிந்தபோது மூன்று நடுவர்களின் அட்டையிலும் விட்டாலிதான் முன்னால் இருந்தார். கண்ணுக்கு மேலே கிழிந்த காயம் ஆழமாக இருந்ததால் மருத்துவர் நிறுத்தினார், லூயிஸ் வென்றதாக அறிவித்தார்கள். தோற்றும் விட்டாலியின் பெயர் உயர்ந்தது. லூயிஸ் அதற்குப் பிறகு வளையம் ஏறவே இல்லை.

இப்போது எதிர்ப்பக்கம். 2025 பிப்ரவரி 22, ரியாத். ஜோசப் பார்க்கரோடு மோத வேண்டிய டேனியல் டுபுவா உடம்பு சரியில்லாமல் விலகினார். போட்டிக்கு இரண்டே நாள் இருக்கும்போது காங்கோவில் இருந்த மார்ட்டின் பகோலேவை அழைத்தார்கள். பகோலே யாரும் பயப்படுகிற அடிகாரர்தான். ஆனால் அவர் கேம்ப்பில் இல்லை. விமானம் பிடித்து வந்து, உடம்பின் களைப்பு தீராமலே வளையம் ஏறினார். இரண்டாவது ரவுண்டில் விழுந்தார். பலசாலிக்கும் இரண்டு நாள் என்பது இரண்டு நாள்தான். அந்தச் சண்டையைப் பார்க்கும்போதெல்லாம் எனக்கு எங்கள் பையன் நினைவு வருகிறது.

இடையில் ஒன்று சொல்ல வேண்டும். அவகாசம் குறைவதைப் பற்றியே பேசுகிறோம், சில நேரம் அது நீளவும் செய்யும். 1974-ல் ஜயீரில் (இன்றைய காங்கோ ஜனநாயகக் குடியரசு) முகமது அலி, ஜார்ஜ் ஃபோர்மன் போட்டி செப்டம்பர் 25 அன்று நடக்க வேண்டியது. ஸ்பாரிங்கில் ஃபோர்மனின் கண்ணுக்கு மேலே கிழிந்தது, அக்டோபர் 30-க்குத் தள்ளிப்போனது. அங்கே சேலஞ்சர் அலிதான். கிடைத்த ஐந்து வாரத்தையும் அவர் அந்த ஊரின் வெப்பத்துக்குப் பழகவும் மக்களைத் தன் பக்கம் இழுக்கவும் பயன்படுத்திக்கொண்டார். இதே அலி 1980-ல் சென்னைக்கு வந்து ஜிம்மி எல்லிஸோடு காட்சிப் போட்டியில் கையை வீசியதை, காட்பாடியில் ரயில் ஏறிப் போய்ப் பார்த்த ஒரு பெரியவர் எங்கள் தெருவில் இருக்கிறார். எம்.ஜி.ஆர். மேடையில் இருந்ததைச் சொல்லும்போது அவர் குரல் இன்றைக்கும் ஏறும்.

நான்காம் படி: எடையைக் கணக்கில் சேருங்கள்

நாள் குறைந்தால் முதலில் அடிபடுவது எடைதான். பன்னிரண்டு வாரம் இருந்தால் வாரத்துக்கு அரை கிலோ, முக்கால் கிலோ என்று கொழுப்பைக் குறைக்கலாம். ஒரு வாரத்தில் ஐந்து கிலோ என்றால் அது கொழுப்பு இல்லை, தண்ணீர். உடம்பில் தண்ணீர் குறைந்த நிலையில் தலையில் அடி வாங்குவது மூளைக்கு ஆபத்து என்று மருத்துவர்கள் திரும்பத் திரும்ப எச்சரிக்கிறார்கள்.

பெரிய அமைப்புகளும் இதைத் தெரிந்துதான் விதி வைத்திருக்கின்றன. டபிள்யூபிசி பட்டப் போட்டிக்கு முன்கூட்டியே எடை பார்க்கும். 30 நாள் முன்பு பிரிவின் வரம்பைவிட 10 சதவீதத்துக்கு மேல் இருக்கக் கூடாது, 7 நாள் முன்பு 5 சதவீதத்துக்கு மேல் கூடாது. வெல்டர் பிரிவின் வரம்பு 147 பவுண்டு, அதாவது 66.7 கிலோ. இந்த விதிப்படி ஒரு மாதம் முன்பு 73.3 கிலோவுக்குள்ளும், ஒரு வாரம் முன்பு 70 கிலோவுக்குள்ளும் இருக்க வேண்டும். ஐபிஎஃப் இன்னொரு பக்கம் பிடிக்கிறது. முதல் நாள் எடை போட்டபின், போட்டி நாள் காலையில் மறுபடி நிற்கவைத்து, வரம்பைவிட 10 பவுண்டுக்கு மேல் ஏறக் கூடாது என்கிறது. இது ஹெவிவெயிட்டுக்கு இல்லை, அங்கே மேல் வரம்பே கிடையாது.

கடைசி நேர மாற்று ஆள்கள் ஹெவிவெயிட்டில் ஜெயித்த கதை நம் கண்ணில் அதிகம் படுவதற்கு இதுவும் ஒரு காரணம் என்று நினைக்கிறேன். ரூயிஸ் எடையைக் குறைக்க வேண்டியிருக்கவில்லை. கீழ்ப் பிரிவுகளில் அப்படியில்லை. 2018 மே 5 அன்று சாம்பியன் கென்னடி கொலொவ்கினோடு மோத வேண்டிய கனெலோ அல்வாரெஸ் ஊக்கமருந்துச் சிக்கலில் விலக, 154 பவுண்டில் சண்டை போட்டுவந்த வானெஸ் மார்ட்டிரோசியன் 160 பவுண்டுக்கு ஏறி வந்தார். அதற்கு முன் ஏறத்தாழ இரண்டு வருஷம் அவர் வளையம் ஏறவில்லை. இரண்டாவது ரவுண்டில் முடிந்தது. மேலே ஏறி வருவதும் சும்மா இல்லை, பெரிய உடம்பின் அடி வேறு.

நம் நாட்டுக்காரர் ஒருவரின் இடத்துக்கும் இப்படி மாற்று ஆள் வந்திருக்கிறார். 2019 ஜூலை 12 அன்று ஜெட்டாவில் அமீர் கானோடு மோத வேண்டியவர் ஹரியானாவின் நீரஜ் கோயத். சில வாரத்துக்கு முன்பு கார் விபத்தில் அடிபட்டார். அவருக்குப் பதிலாக வந்தவர் ஆஸ்திரேலியாவின் பில்லி டிப். ஒரு காலத்தில் 126 பவுண்டு பிரிவில் உலகச் சாம்பியன், மோதியதோ வெல்டர் எடையில். நான்காவது ரவுண்டில் சண்டை நின்றது.

எடை விஷயத்தில் சத்துவாச்சாரிக்காரர்களுக்கு வெளியே போய்ப் படிக்க வேண்டிய தேவை இல்லை. 2014 கிளாஸ்கோவிலும் 2018 கோல்ட் கோஸ்டிலும் 77 கிலோ பிரிவில் காமன்வெல்த் தங்கம் வாங்கிய சதீஷ் சிவலிங்கம் எங்கள் ஊர்ப் பிள்ளை. பளு தூக்குதலில் போட்டிக்கு இரண்டு மணி நேரம் முன்புதான் எடை பார்ப்பார்கள். கடைசி நாளில் வறண்டுபோய் எடையைத் தொட்டால் பாரைத் தூக்க முடியாது. அதனால் பளு தூக்குகிற பிள்ளைகள் மாதக்கணக்கில் தங்கள் எடைக்குப் பக்கத்திலேயே வாழப் பழகுகிறார்கள். பாக்ஸிங் பிள்ளைகள் பக்கத்து ஹாலுக்குப் போய் அவர்களிடம் கற்றுக்கொள்ளலாம்.

ஐந்தாம் படி: எதிர்ப்பக்கமும் தயாராகவில்லை என்பதை மறக்காதீர்கள்

குறைந்த அவகாசம் இரண்டு பக்கமும் வெட்டும். வந்தவருக்கு நாள் குறைவு என்றால், எதிரே நிற்பவர் இரண்டு மாதம் வேறொரு ஆளுக்குத் தயாரானவர். ஜோஷுவா 300 பவுண்டுக்கு மேல் எடையுள்ள மில்லரை மனதில் வைத்துப் பயிற்சி எடுத்தார். வந்ததோ குள்ளமாக, வேகக் கையோடு ஒருவர். லெனாக்ஸ் லூயிஸ் 6 அடி 2 அங்குலக்காரருக்குத் தயாராகி 6 அடி 7 அங்குலக்காரரைச் சந்தித்தார்.

2021 ஆகஸ்ட் 21-ஐ நினைத்தால் எனக்கு இன்னும் வியப்புதான். பக்கியாவ் மோத வேண்டியது இடது கைக்காரரான எரோல் ஸ்பென்ஸோடு. ஸ்பென்ஸுக்குக் கண்ணில் விழித்திரைக் கிழிவு. 11 நாள் இருக்கும்போது யோர்டெனிஸ் உகாஸ் வந்தார், வலது கைக்காரர். அதே மேடையில் வேறொருவரோடு மோத முழுக் கேம்ப் முடித்திருந்தவர். டபிள்யூபிஏ பட்டம் அவர் கையில்தான் இருந்தது, ஆகவே முறைப்படி சேலஞ்சர் பக்கியாவ். பன்னிரண்டு ரவுண்டு முடிவில் நடுவர்கள் உகாஸ் பக்கம். இருபது வருஷத்துக்கு முன் இரண்டு வார அழைப்பில் வந்து வென்ற அதே பக்கியாவ், 11 நாள் அழைப்பில் வந்தவரிடம் தோற்று, அடுத்த மாதம் ஓய்வை அறிவித்தார்.

ஆறாம் படி: காகிதமும் ரத்தமும்

இதைச் சுருக்கமாக முடிக்கிறேன். தொழில்முறைப் போட்டிக்கு ரத்தப் பரிசோதனை (எச்ஐவி, ஹெபடைடிஸ் பி, சி), கண் பரிசோதனை, பல இடங்களில் மூளை ஸ்கேன் எல்லாம் வேண்டும். வெளிநாட்டுப் போட்டி என்றால் விசா. இவை கையில் தயாராக இல்லாதவருக்கு இரண்டு வார வாய்ப்பு வாசல் வரை வந்து திரும்பிப் போய்விடும். எப்போதும் தயாராக இருக்கும் ஆள்களையே புரமோட்டர்கள் முதலில் கூப்பிடுவதன் காரணம் பாதி இதுதான்.

ஏழாம் படி: நம் ஊர்ப் பிள்ளைக்குப் போன் வந்தால்

அமெச்சூர் பாக்ஸிங்கில் கணக்கே வேறு. போட்டித் தேதி தெரியும், எதிராளி யார் என்பது டிரா போட்ட பிறகுதான் தெரியும். அன்று காலையே எடை, அன்றே சண்டை. மூன்று மூன்று நிமிடமாக மூன்று ரவுண்டு. ஜெயித்தால் மறுநாளும் ஏற வேண்டியிருக்கும். முதல் நாள் எடை போட்டு, ராத்திரி முழுக்கச் சாப்பிட்டுத் தேறுகிற வசதி இங்கே இல்லை. ஆகவே தொழில்முறை ஆட்கள் செய்கிற தண்ணீர்க் குறைப்பை நம் பிள்ளைகள் பார்த்துச் செய்வது மிகவும் தவறு. எங்கள் பையன் செய்தது அதைத்தான், நான் பார்த்துக்கொண்டு நின்றேன்.

இப்போது எங்கள் வீட்டில் ஒரு முறை வைத்திருக்கிறோம். அழைப்பு வந்தால் முதலில் எடை மெஷின். காலையில் வெறும் வயிற்றில் பார்த்த எடை, கேட்கிற பிரிவைவிட ஒரு கிலோவுக்குள் இருந்தால் பேசலாம். இரண்டு கிலோ கூடுதல் என்றால் குறைந்தது மூன்று வாரம் வேண்டும். அதற்கு மேல் என்றால் “மேல் பிரிவில் இடம் இருக்கா?” என்று கேட்போம், இல்லையென்றால் வேண்டாம். சித்திரை, வைகாசி வெயிலில் இந்தக் கணக்கை இன்னும் இறுக்குவோம். வேலூரில் அந்த இரண்டு மாதமும் ஒன்பது மணிக்கு மேல் ஓட்டம் கிடையாது. கோட்டை அகழியைச் சுற்றி விடிவதற்கு முன்பே ஓடி முடித்துவிட வேண்டும்.

அடுத்தது, கடைசி பதினைந்து நாளில் எத்தனை நாள் ஸ்பாரிங் செய்தான் என்று நோட்டில் பார்ப்பது. மாஸ்டரிடம் ஒரு நோட்டு இருக்கிறது, ஒவ்வொரு நாளும் எத்தனை ரவுண்டு என்று எழுதுவார். பதினைந்து நாளில் ஆறு நாளாவது கிளவுஸ் மாட்டி எதிராளியோடு நின்றிருக்க வேண்டும். பேக் குத்தியது கணக்கில் வராது. பேக் திருப்பி அடிக்காது.

அப்புறம், தலையில் அடிபட்டு சண்டை நின்றிருந்தால் ஓய்வுக் காலம் முடிந்ததா என்று பார்ப்பது. அமெச்சூர் விதிகளில் வழிவழியாக உள்ளது இது: தலையடியில் ஒரு முறை நாக் அவுட் ஆனால் 30 நாள், மூன்று மாதத்துக்குள் இரண்டாவது முறை என்றால் 90 நாள், ஒரு வருஷத்துக்குள் மூன்றாவது முறை என்றால் ஒரு வருஷம் வளையம் ஏறக் கூடாது. இதில் ஒரு நாள்கூடக் குறைக்காதீர்கள். எந்தக் கோப்பைக்காகவும் வேண்டாம். பையன் “நல்லாத்தான் இருக்கேன்” என்பான், அவன் வயது அப்படி. நல்ல ஆஸ்பத்திரிக்குப் பேர்போன ஊரில் இருக்கிறோம், ஒரு முறை டாக்டரிடம் காட்டிவிட்டு வருவதற்கு அரை நாள் போதும்.

வயதுச் சான்று, ஆதார், மருத்துவச் சான்று, போட்டோ எல்லாவற்றையும் ஒரு பையில் போட்டு வையுங்கள். மவுத்கார்டு புதிதாக ஒன்று வாங்கி அதே பையில் போடுங்கள். கடைசி நேரத்தில் இரவல் மவுத்கார்டு கடிக்கிற பிள்ளைகளை நான் பார்த்திருக்கிறேன், மனது கேட்காது.

கடைசியாக ஒன்று. போனிலேயே சரி என்று சொல்லாதீர்கள். கூப்பிடுகிறவருக்கு அவசரம், அட்டவணையில் ஒரு கட்டம் காலியாக இருக்கிறது. அவர் மேல் தப்பு இல்லை. ஆனால் அந்தக் கட்டத்தை நிரப்புவது உங்கள் பிள்ளையின் வேலை இல்லை. ஒரு ராத்திரி தள்ளிப்போட்டால் ஆசையின் சூடு கொஞ்சம் இறங்கும், எடை மெஷினும் நோட்டும் பேசுவது காதில் விழும்.

ஐப்பசியில் மறுபடி ஒரு போன் வந்தது. பத்தொன்பது நாள் கழித்துப் போட்டி, அதே 60 கிலோ. வெளியே மழை பெய்துகொண்டிருந்தது. பையன் என்னைப் பார்த்தான், நான் அக்காவைப் பார்த்தேன். “காலையில சொல்றோம் சார்” என்று போனை வைத்துவிட்டு, அவனே எடை மெஷினை இழுத்துக் கதவோரம் வைத்தான். விடிந்ததும் ஏறினான். 60.7.